கட்டிக்கும் சிகிச்சைக்கும் இடையிலான தூரம்

உலகில் பெண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 23 இலட்சம் பேருக்கு அது புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், 6,85,000 பேர் அதனால் உயிரிழந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதில் வியப்பில்லை. நோய் வந்தவர்களுள் யார் பிழைக்கிறார், யார் இறக்கிறார் என்பதும் அவர் பிறந்த இனத்தையும் வாழும் ஊரையும் பொறுத்து மாறுவதுதான் மனத்தை உறுத்தும் செய்தி. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது; ஆயினும் இந்நோயால் இறப்போரின் வீதம் கறுப்பினப் பெண்களிடையே ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாக உள்ளது. நோய் குறைவாக வரும் இடத்தில் சாவு கூடுதலாக நிகழுமானால், அதன் காரணத்தை நோயில் மட்டுமன்றி, நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் இடையே உள்ள வழியிலும் தேட வேண்டியிருக்கிறது.

இலங்கையில் ஆண்டுதோறும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழக் காற்பங்கு இதுவே. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாத நாடு இது. சட்டத்தின் கண்ணில் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணும் மாத்தறைச் சிங்களப் பெண்ணும் ஒரே மருந்துக்கு ஒரே உரிமை உடையவர்கள். எனினும், முப்பது ஆண்டுப் போர் வடக்கு கிழக்கு மாகாணங்களின் மீதே பெரும் பாரமாக விழுந்ததாலும், நாட்டின் புற்றுநோய் மருத்துவம் நெடுங்காலம் கொழும்பை அடுத்த மகரகமவில் குவிந்திருந்ததாலும், அந்த உரிமையை அடைவதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண் கடக்க வேண்டியிருந்த தூரம் மற்றவர்களுடையதைவிடப் பன்மடங்கு நீண்டது. அந்தத் தூரத்தைக் குறைத்ததில் அரசுக்கு நிகராக, இலாப நோக்கற்ற பொதுத் தொண்டுக்கும் பங்குண்டு என்பதும், அத்தொண்டு இன்னும் செய்யாது விட்ட வேலை ஒன்று உண்டு என்பதும் இங்கே எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மார்பில் பாலைச் சுரக்கும் சுரப்பிகளிலோ, அதைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களிலோ உள்ள கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே மார்பகப் புற்றுநோய். அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கொண்டு மருத்துவர்கள் அதை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றனர்: மார்புக்குள் சிறு கட்டியாக அடங்கியிருப்பது முதலாம் நிலை, கட்டி பெருத்தோ அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் சிலவற்றை எட்டியோ இருப்பது இரண்டாம் நிலை, தோலையோ மார்புச் சுவரையோ பற்றிக்கொண்டு, கணுக்கள் பலவற்றிலும் ஊன்றிவிடுவது மூன்றாம் நிலை, எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை போன்ற தொலைவான உறுப்புகளைச் சென்றடைவது நான்காம் நிலை. முதல் இரு நிலைகளில் கண்டறியப்படும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல சிகிச்சையால் நெடுங்காலம் வாழ்கின்றனர். நான்காம் நிலையில் நோயை அடக்கிவைத்து வாழ்நாளை நீட்டலாமேயன்றி முற்றாக நீக்குவது அரிது. ஆகவே காலம் இங்கே ஒரு மருந்தாகவே செயற்படுகிறது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பல நாடுகளில் நடந்த 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அறிகுறி தென்பட்டு மூன்று மாதமோ அதற்கு மேலோ தாமதித்துச் சிகிச்சை தொடங்கிய பெண்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் வீதம், விரைந்து வந்தவர்களுடையதைவிட 12 சதவீதம் குறைவு என்று காட்டியது.

இனத்துக்கு இனம் உடற்கூற்றில் சிறு வேறுபாடு உண்டா என்றால், ஓரளவு உண்டு. ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் என்னும் இரு ஓமோன்களுக்கான ஏற்பிகளும், ஹெர்2 என்னும் புரதமும் ஆகிய மூன்றும் இல்லாத புற்றுநோய் வகையை மருத்துவர்கள் மூவெதிர்மறை வகை என்கின்றனர். அதற்கு எதிராகப் பயன்படும் மருந்துகள் குறைவு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடையே இவ்வகை ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. ஆனால் தமொக்சிஃபென் போன்ற மலிவான மாத்திரையால் நன்கு கட்டுப்படக்கூடிய, ஓமோன் ஏற்பியுள்ள வகையிலும் அவர்களுடைய இறப்பு வீதம் உயர்ந்தே இருக்கிறது என்பதால், இரத்தத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. யாழ்ப்பாணத்திலோ அந்த வழி அறவே இல்லை. இங்கே இடைவெளியை உண்டாக்கியவை வீதி, போர், மொழி, வறுமை ஆகியவை என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று.

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் மூண்டபோது, குடாநாட்டை நாட்டின் ஏனைய பகுதியுடன் இணைத்த தரைவழி மூடப்பட்டது, யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரம் போனது, மருந்துகள் உட்பட எண்ணற்ற பொருட்களின் மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. தெல்லிப்பழையும் காங்கேசன்துறையும் அமைந்த வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர, அப்பகுதியின் பெரும்பரப்பு உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. கொழும்புக்குப் போக வேண்டியவர்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தார்கள்; அந்தப் பயணத்தில் உயிரிழந்தவர்கள் பலர். 2002இல் போர்நிறுத்தத்தை அடுத்து, அந்தத் தரைவழியான ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடியது. அதன் பின் போர் முடியும்வரை, கடல்வழியாகவோ வான்வழியாகவோ, அனுமதி பெற்றே குடாநாட்டை விட்டு வெளியேற முடிந்தது. மார்பில் தட்டுப்பட்ட ஒரு கட்டிக்காக இத்தனையையும் கடந்து 400 கிலோமீற்றர் போக வேண்டிய பெண், போகாமல் இருந்தாள் என்றால் அதை அறியாமை என்று பெயரிடுவது அநீதி. குண்டு விழும் ஊரில், பிள்ளைகளைப் பதுங்குகுழியில் வைத்துக்கொண்டு, வலியில்லாத ஒரு கட்டியைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம் இருந்திருக்கும்? மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே அதன் வஞ்சகம்.

மகரகமவைச் சென்றடைந்தவர்களுக்கும் வேறொரு தடை காத்திருந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் சொன்னாலும், மேல் மாகாணத்து வைத்தியசாலை ஒன்றின் விடுதியில், வரிசையில், மருந்தகத்தில் நடைமுறை மொழி சிங்களமாகவே இருப்பது இயல்பு. எந்த மாத்திரையை எப்போது போடுவது, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடிவருவது, மார்பை முழுமையாக அகற்ற வேண்டுமா, கட்டியை மட்டும் வெட்டினால் போதுமா என்பன போன்ற, ஒரு பெண்ணின் வாழ்வையே தீர்மானிக்கும் செய்திகளைச் சைகையாலும் பக்கத்துக் கட்டில்காரரின் அரைகுறை மொழிபெயர்ப்பாலும் விளங்கிக்கொள்ள நேர்வது சிகிச்சையில் ஒரு குறைபாடு. யாரும் தீய எண்ணத்தோடு செய்யாமலேயே ஓர் இனத்தவருக்கு மருத்துவம் குறைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். வசதி படைத்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் சென்னைக்கோ வேலூருக்கோ போனதற்கு மருத்துவத்தின் தரம் ஒரு காரணமென்றால், தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறலாம் என்பது இன்னொரு காரணம். வசதியற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

இந்த நிலையை மாற்றிய நிகழ்வு ஒரு நடைப்பயணம். போர் முடிந்து இரண்டாண்டு கழிந்து, 2011 ஜூலையில், நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்னும் நண்பர்கள் இருவரின் முன்னெடுப்பில், 'ட்ரெயில்' என்ற பெயரில் ஒரு நிதிதிரட்டும் நடை தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கி, 27 நாளில் ஏறத்தாழ 670 கிலோமீற்றரைக் கடந்து, வடக்கே பருத்தித்துறையில் முடிந்தது. தெய்வேந்திரமுனை முதல் பருத்தித்துறை வரை என்பது இலங்கையர் தம் நாட்டின் முழு நீளத்தையும் குறிக்க வழங்கும் தொடர். அந்தத் தொடரை ஆயிரக்கணக்கான மக்கள் காலால் அளந்தார்கள். வழியில் இணைந்தவர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், வெளிநாட்டவர் என எல்லோரும் இருந்தனர். 'கலர்ஸ் ஒஃப் கரேஜ்' அறக்கட்டளையின் ஊடாகத் திரட்டப்பட்ட, இருபது இலட்சம் அமெரிக்க டொலரை எட்டிய அந்த நிதியைக் கொண்டே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை வளாகத்தில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு, 2013இல் திறக்கப்பட்டது. கட்டியது பொதுமக்களின் பணம், நடத்துவது அரசின் சுகாதாரத் துறை, சிகிச்சை இலவசம். 2016இல் அதே குழுவினர் திசையை மாற்றி, பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்து, காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டினார்கள். தெற்கின் பணம் வடக்கின் நோயாளிக்கும், அடுத்து வடக்கில் தொடங்கிய நடை தெற்கின் நோயாளிக்கும் பயன்பட்ட இந்த ஒழுங்கு, போருக்குப் பிந்திய இலங்கையில் நல்லிணக்கம் பற்றிப் பேசப்பட்ட பேச்சுகள் பலவற்றைவிடப் பெறுமதியானது என்றே சொல்ல வேண்டும்.

உயர்பாதுகாப்பு வலயத்தின் நிழலில் இருந்த தெல்லிப்பழை, இன்று யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களின் புற்றுநோயாளரும் நம்பிவரும் இடம். ஒரு தாய் தன் மொழியில் தன் நோயைச் சொல்லி, தன் மொழியில் மறுமொழி கேட்டு, மாலையில் வீடு திரும்பும் நிலை குடாநாட்டுக்குக் கிடைத்தது. இதற்கு நேரான முன்மாதிரி தமிழகத்தில் உண்டு. 1954 ஜூன் 18ஆம் நாள் 12 கட்டில்களோடு சென்னை அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம், டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி தலைமையில் இந்திய மாதர் சங்கம் என்னும் பெண்கள் அமைப்பு உருவாக்கிய தொண்டு நிறுவனம். 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், முப்பது ஆண்டு முயன்று அதை எழுப்பினார். அடுத்த ஆண்டே அங்கு வந்து சேர்ந்த டொக்டர் வி. சாந்தா 2021இல் மறையும்வரை ஏழைகளுக்குக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை என்ற கொள்கையை விடவில்லை.

ஆனால் கட்டடம் எழுந்ததும் தூரம் முழுவதும் மறைந்துவிடவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. சத்திரசிகிச்சைக்கு முன்னோ பின்னோ, பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக, நான்கு முதல் எட்டுத் தடவை கீமோதெரப்பி என்னும் மருந்தேற்றல். அதன்பின் தேவைப்படுவோருக்கு வாரத்தில் ஐந்து நாளாக மூன்று முதல் ஐந்து வாரம் கதிர்வீச்சு. ஓமோன் ஏற்பி உள்ளவர்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு நாள்தோறும் மாத்திரை. இவை அனைத்தும் இலவசம். பஸ் கட்டணம் இலவசமன்று. நெடுந்தீவில் வாழும் ஒரு பெண், விடியற்காலையில் படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தெல்லிப்பழை போக வேண்டும். காற்றுக் காலத்தில் படகே ஓடாத நாளும் உண்டு. முல்லைத்தீவிலிருந்து வருபவருக்குத் தூரம் நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். கூட ஒருவர் வர வேண்டும். அவருக்கு அன்றைய கூலி போய்விடும். கணவனைப் போரில் இழந்தோ, காணாமற்போனவர்களின் பட்டியலில் தேடிக்கொண்டோ வாழும் பெண்கள் வடக்கில் பல்லாயிரம் பேர். அத்தகைய குடும்பத்தில் உழைப்பவளும் அவள், சமைப்பவளும் அவள், நோயாளியும் அவளென்றால், ஐந்து வாரம் நாள்தோறும் கதிர்வீச்சுக்கு யார் அவளை அனுப்புவது? பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

இதைவிடச் சொல்லக் கடினமான தடைகளும் உள. மார்பில் கட்டி என்பதைக் கணவனிடமும் சொல்லக் கூசும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். தாய்க்குப் புற்றுநோய் என்று ஊரில் தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்ற அச்சம், படித்த குடும்பங்களிலும் நோயை மறைக்கச் செய்கிறது. ஊசி குத்தினால், கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்ற நம்பிக்கை, பயொப்சி என்னும் இழையப் பரிசோதனைக்கே மறுக்க வைக்கிறது. இந்த நம்பிக்கை தோன்றிய விதம் விளங்கக்கூடியது: முற்றிய நிலையில் வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் விரைவில் இறந்ததைக் கண்ட ஊர், இறப்புக்குக் கத்தியைக் காரணமாக்கியது. பரியாரியிடம் பத்தியத்தோடு சில மாதம், கோயில் நேர்த்தியோடு சில மாதம் என்று காலம் கழியும். நேர்த்தி வைப்பதில் தவறில்லை. அது கிளினிக்குக்குப் போகும் வழியில் செய்யப்பட வேண்டும் என்பதே வேண்டுகோள். ஆண்களுக்கும் இந்நோய் வரும் என்பதையும், மார்புக் காம்புக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டால் அவர்களும் காட்ட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

கட்டிக்கும் சிகிச்சைக்கும் இடையிலான இந்த வழியைக் கடப்பதற்கு உதவும் முறை ஒன்று நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் உருவானது. அங்கே அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணராக 1967இல் சேர்ந்த டொக்டர் ஹரோல்ட் ஃபிரீமன், தம்மிடம் வரும் கறுப்பின ஏழைப் பெண்களின் மார்புக் கட்டிகள் தோலைப் பிளந்து வெளியே வந்த நிலையில் இருப்பதைக் கண்டு கலங்கினார். 1986 வரையான 22 ஆண்டில் அங்கு சிகிச்சை பெற்ற 606 மார்பகப் புற்றுநோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் நிலைகளில் வந்தவர்கள். ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 39 சதவீதம் மட்டுமே. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் என்னும் தொண்டு நிறுவனத்தின் தலைவராக இருந்தபோது, 1989இல் அவர் நாட்டின் பல நகரங்களில் ஏழை நோயாளரைக் கூட்டி அவர்களுடைய வாக்குமூலங்களைக் கேட்டார். மருத்துவம் இருக்கிறது, அதை எட்டும் வழிதான் இல்லை என்பதே எல்லோருடைய முறைப்பாடாகவும் இருந்தது. அதன் விளைவாக 1990இல், அச்சங்கத்தின் நிதியுதவியோடு, நோயாளருக்கு வழிகாட்டுநரை அமர்த்தும் திட்டம் ஹார்லெமில் தொடங்கியது.

வழிகாட்டுநர் மருத்துவரோ தாதியோ ஆக வேண்டியதில்லை. அந்தச் சமூகத்திலேயே பிறந்து, அந்த மொழியைப் பேசி, வைத்தியசாலையின் நடைமுறைகளைக் கற்றுக்கொண்ட ஒருவர் போதும். சந்தேகத்துக்குரிய கட்டி கண்டறியப்பட்ட நாள் முதல் சிகிச்சை முடியும்வரை அவர் ஒரு பெண்ணின் பொறுப்பை ஏற்கிறார்: பரிசோதனைக்கு நாள் குறிப்பது, பயணத்துக்கு ஒழுங்கு செய்வது, பிள்ளையைப் பார்க்க ஆள் தேடுவது, படிவங்களை நிரப்புவது, அச்சத்தைக் கேட்பது, வராத நாளில் வீடு தேடிப் போவது. ஹார்லெமில் இலவசப் பரிசோதனையும் இந்த வழிகாட்டலும் சேர்ந்து நடந்தபின், 1995 முதல் 2000 வரை கண்டறியப்பட்ட 325 பேரில் முற்றிய நிலையில் வந்தவர்கள் 21 சதவீதமாகக் குறைந்தனர். ஐந்தாண்டு வாழ்ந்தோர் 70 சதவீதமாக உயர்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் மருந்துகளும் முன்னேறின என்பதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த மருந்தும் முற்றிய நிலையில் வரும் பெண்ணை முந்திய நிலைக்குக் கொண்டுபோவதில்லை. அதைச் செய்தவர்கள் மனிதர்கள். 2005இல் அமெரிக்கா இம்முறைக்கெனச் சட்டமே இயற்றியது. சிக்காகோவிலும் இதே நோக்கில் ஒரு தொண்டு அமைப்பு உருவாகி, கறுப்பினப் பெண்கள் செல்லும் பரிசோதனை நிலையங்களில் எடுக்கப்படும் மமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேப் படத்தின் தரத்தையே அளந்து பார்த்தது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. குறை நோயாளியிடம் மட்டும் இருப்பதில்லை.

குடாநாட்டுக்கு இம்முறை பொருந்துமா என்றால், வேறெந்த இடத்தையும்விட இங்கே அதற்கு நிலம் பண்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழும், வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மிட்வைஃப் என்றால் கதவைத் திறக்காத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. 1996 முதல் நாடெங்கும் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில், 35, 45 வயதுகளை இலக்காகக் கொண்டு பெண்களின் மார்பு கையால் பரிசோதிக்கப்படுகிறது. கையால் செய்யும் பரிசோதனையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, 1,51,538 பெண்களிடையே இருபது ஆண்டு நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் செய்த பரிசோதனையே, 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணங்களை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. அதற்குக் குறைந்த வயதினரில் அத்தகைய பயன் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. மமோகிராம் இயந்திரம் ஊர்தோறும் இல்லாத நாட்டுக்கு இது மிகப் பெரிய செய்தி.

கண்டறிவதற்கு ஆள் இருக்கிறது; சிகிச்சைக்கு இடம் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவில் கூட நடப்பவர்தான் இல்லை. தொண்டு நிறுவனங்களின் பணம் இனிப் போக வேண்டிய இடம் இதுவே. இலங்கையில் இத்துறையில் தொண்டுக்குக் குறைவில்லை. இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் மகரகமவில் 'சாந்த செவன' என்னும் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தை நடத்துகிறது. மார்பகப் புற்றுநோயால் மறைந்த தம் தாயின் பெயரில் டொக்டர் லங்கா ஜயசூரிய திசாநாயக்க தொடங்கிய இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை, மருந்தேற்றலால் முடி உதிர்ந்தவர்களுக்குச் செயற்கைக் கூந்தலும் மனத்துணையும் வழங்குகிறது. மகன் ஒருவனின் புற்றுநோயால் நொந்த ஒரு முஸ்லிம் தந்தை தொடங்கிய நிதிதிரட்டல், மகரகமவுக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வேண்டும் என்பதை நாடறிந்த கோரிக்கையாக்கியது. அமெரிக்காவில் வாழும் தமிழ் மருத்துவர்களின் ஐ.எம்.எச்.ஓ. அமைப்பு வடக்கு கிழக்கு வைத்தியசாலைகளுக்கு உதவி வந்திருக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது புலம்பெயர்ந்த தமிழர் மருந்து அனுப்பினர்.

எனினும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் சேர்ப்பது எளிது. அதில் பெயர் பொறித்த கல் பதிக்கலாம். ஒரு வழிகாட்டுநரின் மாதச் சம்பளத்துக்கோ, நெடுந்தீவுப் பெண் கதிர்வீச்சுக் காலத்தில் தெல்லிப்பழையில் தங்கும் அறையின் வாடகைக்கோ, துணைக்கு வருபவரின் சாப்பாட்டுக்கோ கல் பதிக்க இடமில்லை. மார்பு அகற்றப்பட்ட பெண்ணுக்கு ஆடைக்குள் அணியும் செயற்கை மார்பு, கணுக்கள் நீக்கப்பட்டதால் வீங்கும் கைக்கு இறுக்கு உறை, உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவர் என்பனவும் அப்படியே. உயிரைக் காப்பதும் காத்த உயிரை மானத்தோடு வாழவைப்பதும் இந்தச் சிறு செலவுகளே என்பதால், கல் பதிக்காத இந்த உதவியே இன்று உயர்ந்த உதவி. மாகாண சமூக சேவைத் திணைக்களம் வறிய புற்றுநோயாளருக்கு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு ஒன்று உண்டு. கிராம அலுவலரின் கடிதமும் வைத்தியசாலையின் சான்றும் பெற்றுப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கத் தெரியாததால் அதை இழப்பவர்களுக்கு, படிவம் நிரப்பித்தரும் ஒருவரே போதும்.

தொண்டின் எல்லையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மருந்து, மருத்துவர், இயந்திரத்தின் பராமரிப்பு ஆகியவை அரசின் கடமை. அவற்றைத் தொண்டு நிறுவனங்கள் தலையில் ஏற்றிக்கொண்டால், அரசு கைகழுவும், கொடையாளர் களைக்கும் நாளில் எல்லாம் நின்றுபோகும். மேலும், இனங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைப் பேசும் தமிழ்ச் சமூகம் தனக்குள் இருப்பதையும் பார்க்க வேண்டும். நல்லூரில் பிறந்த பெண்ணுக்கும் தீவகத்தில் பிறந்த பெண்ணுக்கும், நிலமுள்ள சாதியினருக்கும் நெடுங்காலம் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், குடாநாட்டாருக்கும் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, நோய் எந்த நிலையில் கண்டறியப்படுகிறது என்பதிலும் தெரியாமற்போகாது. ஊர்ச் சங்கத்தின் பணம் அந்த ஊர்க்காரருக்கே என்ற வழக்கம் இந்த நோயில் பிழையானது. சங்கமே இல்லாத ஊர்ப் பெண்ணுக்குத்தான் துணை முதலில் தேவை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது: நோயாளரில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் முதல் இரு நிலைகளில் கண்டறியப்பட வேண்டும், முதன்முதல் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும், 80 சதவீதமானவர்கள் சிகிச்சையை இடையில் விடாது முடிக்க வேண்டும். தெல்லிப்பழைக்கு உதவ விரும்பும் எந்தச் சங்கமும், எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதை விட்டு, இந்த மூன்றையும் மாவட்டம் மாவட்டமாக ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடும் வைத்தியசாலையோடும் சேர்ந்து உழைத்தால், அதைவிடப் பயனுள்ள கொடை இராது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள் ஆகியவற்றுக்கு வேண்டுகோளும் அதுவே: ஒவ்வொரு சங்கமும் ஒரு வழிகாட்டுநரின் சம்பளத்தை ஐந்தாண்டுக்குப் பொறுப்பேற்கட்டும்.

இதை வாசிக்கும் பெண்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மார்பிலோ அக்குளிலோ புதிதாய்க் கட்டி, தோல் குழிதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வருதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், வலி இல்லையென்று விட்டுவிடாமல், அண்மையில் உள்ள அரச வைத்தியசாலையில் காட்ட வேண்டும். இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களும், 35 வயதைக் கடந்திருந்தால், தங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டுச் செல்லலாம். அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.